ரிவியூ தாடி

கன்னத்தில் பிரஷ்ஷால் ஏழு சுற்று, தாடைக்குக் கீழே மூன்று சுற்று. முகம் முழுக்க நுரை கட்டியதும் அழகர்சாமி கத்தியைத் திறந்தார். சன்னல் கம்பியில் மாட்டியிருந்த தோல்வாரில் எட்டு இழுப்பு இழுத்தார். கட்டைவிரல் நகத்தில் விளிம்பை வைத்துப் பதம் பார்த்தார். பிறகு கத்தியை மடித்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த ஈரத்துண்டால் நுரையை அப்படியே வழித்துத் துடைத்துப் போட்டார். துடைத்த இடத்தில் இருபது நாள் தாடி ஒரு முடி குறையாமல் இருந்தது.

"சவரம் முடிஞ்சுது," என்று கறுவினார். அவர் மனைவி ரஞ்சிதம் அடுப்படியில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். இருபது நாளாக விடிந்தால் இதே கூத்துதான். இன்னும் மூன்று நாள் அந்தத் தாடி முகத்தில் இருந்தாக வேண்டும். மூன்றாம் நாள் ரிவியூ.

அழகர்சாமிக்கு வயது அறுபத்தேழு. லிட்டில் இந்தியாவில், சந்தர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடையை நாற்பது வருடம் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி லாரியாக வந்து இறங்கும் கட்டுமானத் தொழிலாளர்கள், ஊருக்கு வீடியோ கால் போடுவதற்கு முன்னால் இவரிடம் வந்து முகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியது. வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணுக்குச் சன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். கடையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு குவீன்ஸ்டவுன் வீட்டோடு உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற வலது பாதத்தில் சுடுதண்ணீர் கொட்டினாலும் அவருக்குத் தெரியாது.

ஆனால் சவரம் மட்டும் போகவில்லை. கண் போன பிறகும் ஒருநாள் தவறாமல் தானே செய்துகொண்டார். கீறல் விழாது. "கண்ணாடி எதுக்குலா? அது வர்ற கஸ்டமருக்கு. கத்தி போற வழி கைக்குத் தெரியும்," என்பார். கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய கண்ணாடி ஒன்று இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு யாராவது ஆண்பிள்ளை வந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிடரியைத் தடவிப் பார்ப்பார். "யாரு வெட்டுனது? கத்தி வெச்சிருந்தானா, கடப்பாரை வெச்சிருந்தானா?" என்று கேட்பார். வந்தவர் பாவம், காபியைக் குடித்துவிட்டு நெளிவார்.

அவருக்கு ஒரு வீம்பு உண்டு. தன் முகத்தில் இன்னொருவர் கத்தி பட விட்டதில்லை. கூட்டாளியிடம்கூடக் கொடுத்ததில்லை. காலை எடுத்த மறுநாள் மருத்துவமனையில் தாதி ஒருத்தி பிளாஸ்டிக் ரேசரோடு வந்தபோது, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நோ நோ நோ," என்று கத்தி வார்டையே எழுப்பியவர். கேட்டால், "ஒருத்தன் சாய்ஞ்சு கழுத்த நீட்டுறான்னா, உயிர உங்கையில குடுக்குறான். நாப்பது வருஷம் ஊரே எங்கிட்ட நீட்டுச்சு. நான் யாருகிட்டயும் நீட்டுனதில்ல," என்பார்.

இந்த வீம்புதான் அவரைக் கவிழ்த்தது.

உடல் முடியாதவர்களுக்கு மாதாமாதம் வரும் ஓர் உதவித்தொகை அவருக்கும் வந்துகொண்டிருந்தது. அந்தத் தொகையில்தான் அப்துல் அஜீஸ் தினம் காலை எட்டு மணிக்கு வருவான். நாற்பது வயது, கைத்தாங்கலாகத் தூக்குவதற்கு ஏற்ற புஜம். அழகர்சாமியைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, நடைவண்டியைப் பிடிக்கவைத்துத் தாழ்வாரத்தில் நடத்திவிட்டு பதினோரு மணிக்குப் போவான். அந்த நம்பிக்கையில் ரஞ்சிதம் ஒரு பாலர் பள்ளியின் சமையலறை வேலைக்குப் போய்வந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், அதற்குத்தான் ரிவியூ என்று பெயர். ஆறு காரியம்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இதில் மூன்று தன்னால் முடியாது என்றால் தொகை உண்டு. இரண்டுதான் முடியாது என்றால் இல்லை. கண்ணும் காலும் போனது அந்தக் கணக்கில் தனியாக எந்தக் கட்டத்திலும் வராது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அருண்ராஜ் என்ற இளைஞன் டேப்லெட்டும் கையுமாக வந்தான். ஒன்பது மணிக்கு வர வேண்டியவன் எட்டேகாலுக்கே வந்து நின்றான். ரஞ்சிதம் வேலைக்குப் போயிருந்தாள். அழகர்சாமி பாதி சவரத்தில் இருந்தார், அஜீஸ் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கீங்களா அங்கிள்?"

"நல்லா இருக்கேன் தம்பி. உள்ள வாங்க, உக்காருங்க."

வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனிடம் கால் போச்சு, கண் போச்சு என்று எந்த மனிதன் ஆரம்பிப்பான்? நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான். அருண்ராஜ் அதையும் குறித்துக்கொண்டான்.

"குளிக்கிறதெல்லாம் எப்படி அங்கிள்? யாராச்சும் ஹெல்ப் பண்றாங்களா?"

அஜீஸ் முந்திக்கொண்டான். "சார், குளிப்பாட்டி விடுறது நான்தான் சார், தெனமும்..."

"நீ சும்மா இரு அஜீஸு." அழகர்சாமிக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. தன் முதுகுக்கு இன்னொருவன் சோப்புப் போடுகிறான் என்று முன்பின் தெரியாதவன் எதிரில் எப்படிச் சொல்வது? "அதெல்லாம் நான் மேனேஜ் பண்ணிக்குவேன் தம்பி. இப்படிப் பாருங்க." மிச்சமிருந்த கன்னத்தை நாலே இழுப்பில் முடித்து, படிகாரக் கல்லைத் தேய்த்து, முகத்தைத் துடைத்து, அவன் பக்கமாக நீட்டினார். "தொட்டுப் பாருங்க."

அருண்ராஜ் தொட்டுப் பார்த்தான். "வாவ் அங்கிள்! சூப்பர்லா! என்னாலேயே இப்படி முடியாது," என்றான். அழகர்சாமி அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அஜீஸ்தான் படித்துச் சொன்னான். பயனாளர் நேர்த்தியான தோற்றத்தில் காணப்பட்டார், தன் உடல் சுத்தத்தைத் தானே நன்றாகப் பேணிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தது. சவரமும் குளியலும் அவர்கள் படிவத்தில் ஒரே கட்டம். ஆகவே முடியாதது மூன்று இல்லை, இரண்டு. உதவித்தொகை அடுத்த மாதத்தோடு நின்றது. கீழே, 'உங்கள் முன்னேற்றத்துக்கு எங்கள் வாழ்த்துகள்' என்று ஒரு வரி வேறு. வாழ்த்தாமல் நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

"என்னா முன்னேத்தம்? முடின்னா வளரும், நான் நாப்பது வருஷம் பாத்தவன். வெட்டுன காலு வளருமாலா?" அழகர்சாமி கேட்டார். அறையில் இருந்த இரண்டு பேரில் யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை.

ரஞ்சிதம் அன்று பேசிய பேச்சை அந்த அடுக்குமாடிப் புளோக்கில் நாலு வீடாவது கேட்டிருக்கும். "நல்லா இருக்கேன்னு சொன்னீங்களாமே! நல்லா இருக்கீங்களா நீங்க? உங்க பெருமைக்கு நான்ல முதுகு ஒடியணும்! ஒரு ஆளு குளிப்பாட்டுறாருன்னு சொன்னா உங்க மீச கழண்டு விழுந்துடுமா?" அழகர்சாமிக்கு மீசை கிடையாது. அதைச் சொல்லவும் அன்று அவருக்கு வாய் வரவில்லை.

அஜீஸ் என்ன செய்வான், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. பிடோக்கில் வேறொரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். மற்ற ஆறு நாளும் ரஞ்சிதம் விடியற்காலையிலேயே எழுந்து அவரைக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்கு ஓடினாள். இரண்டாம் வாரம் குளியலறையில் இருவரும் சேர்ந்து வழுக்கி விழுந்தார்கள். ரஞ்சிதத்தின் இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். அம்மணமாக ஈரத் தரையில் கிடந்த மனிதரைத் தூக்கிவிட, கீழ்வீட்டு சுந்தரேசன்தான் வர வேண்டியிருந்தது. முப்பது வருடம் அழகர்சாமியிடம் முடி வெட்டிக்கொண்டவர். அன்று அழகர்சாமி அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கட்டுப் போட்ட கையோடு ரஞ்சிதம் அலைந்து திரிந்து மேல்முறையீடு செய்தாள். மறுபடி ஆள் அனுப்புகிறோம் என்று தேதி கொடுத்தார்கள். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஒத்து வராவிட்டால் அங்கிளை ஒரு முதியோர் ஹோமில் சேர்ப்பது பற்றி யோசித்து வையுங்கள் என்று கனிவாகச் சொல்லி அனுப்பினாள். கண்ணும் காலும் போனபோது குரல் உடையாத ஆள், ஹோம் என்ற சொல்லைக் கேட்டதும், "நான் போறேன் ரஞ்சிதம், உன்ன ஏன் கொல்லணும்," என்று சின்னக் குரலில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் ரஞ்சிதத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அது இந்த முறை அவர் மேல் வந்த கோபம் இல்லை.

தாடி யோசனை அஜீஸுடையது. "அண்ணே, அவங்க வந்ததும் பாக்குறது மூஞ்சியத்தான். மாப்ள மாதிரி உக்காந்திருந்தா யாரு நம்புவா? கத்தியத் தொடாதீங்க. கேட்டா முடியலன்னு சொல்லுங்க."

"முடியுதே."

"முடியுதுன்னு சொல்லித்தானேண்ணே இங்க வந்து நிக்கிறோம்!"

அழகர்சாமி இரண்டு நாள் சாப்பாட்டில் கைவைத்துப் பிசைந்துகொண்டே யோசித்தார். மூன்றாம் நாள் நுரையைப் போட்டுத் துடைத்தார். நுரையையும் விட்டுவிடுங்கள் என்று ரஞ்சிதம் சொன்னாள். "அதையும் விட்டா நான் எந்திரிக்கவே மாட்டேன்," என்றார்.

முடிதிருத்துகிறவருக்கு ஊரார் தாடியெல்லாம் அத்துப்படி. யார் தாடி வேண்டுதலுக்கு, யார் தாடி சாவுக்கு, யார் தாடி சோம்பலுக்கு என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பதினைந்தாம் நாள் சக்கர நாற்காலியில் புளோக்குக்குக் கீழே அவரை உட்காரவைத்திருந்தபோது சுந்தரேசன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"என்னாண்ணே, மால போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

சுந்தரேசன் குரலைத் தாழ்த்தினார். "ஊருல யாரும்... தவறிட்டாங்களா? எங்களுக்குச் சொல்லலையே."

"நான்தான் தவறிட்டேன். கருமாதி இன்னும் எட்டு நாள்ல. ஆபீஸ்லேருந்து ஆளு வரும்." சுந்தரேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரஞ்சிதம் நாற்காலியைத் திருப்பி லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தவள் பெயர் யாமினி. நல்ல பெண். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள், குரலை உயர்த்தாமல் பேசினாள், ரஞ்சிதத்தின் கைக்கட்டைப் பார்த்து என்ன ஆச்சு ஆண்ட்டி என்று கேட்டாள். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறலாம். இந்த மாதிரி நல்ல பிள்ளைகளை அனுப்பிவிட்டு, படிவத்தை எழுதினவர்கள் எங்கேயோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவளை வரவேற்றுத் திரும்பியபோதுதான் ரஞ்சிதத்தின் கண்ணில் அது பட்டது. சன்னல் திட்டில், கிண்ணத்தின் விளிம்பில் பிரஷ் சொட்டச் சொட்டக் கிடந்தது. கிண்ணத்தில் நுரை இன்னும் அடங்கவில்லை. அன்று காலையும் மனிதர் வழக்கத்தை விடவில்லை. ரஞ்சிதம் போய்ச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"உக்காருங்க ஆண்ட்டி."

"பரவால்லமா."

முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள். ஊரார் பொருளில் ஒரு துரும்பைத் தொட்டறியாதவள், சொந்தப் புருஷனின் சவர பிரஷ்ஷைத் திருட்டுச் சாமானைப் போல மறைத்துக்கொண்டு நின்றாள்.

யாமினி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிற்கச் சொன்னாள். நடைவண்டியைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்தவர் இரண்டாவது தாவலில் பக்கவாட்டில் சாய்ந்தார், அவளே பாய்ந்து பிடித்து உட்காரவைத்தாள். குளிப்பதைப் பற்றிக் கேட்டபோது அழகர்சாமி மூச்சை இழுத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல, "அஜீஸுன்னு ஒரு ஆளு குளிப்பாட்டுனாரு. இப்ப இவதான். முதுகு, காலு, எல்லா எடமும்," என்றார். சொல்லி முடிக்கும்போது கழுத்து வரை சிவந்திருந்தது.

"ஷேவ் பண்றது அங்கிள்? லாஸ்ட் டைம் நீங்களே பண்றீங்கன்னு போட்டிருக்காங்க. இப்ப தாடி இருக்கு. இதுல ரெண்டு பாக்ஸ் வருது. முடியலையா, இல்ல வேணாம்னு விட்டுட்டீங்களா?"

அழகர்சாமி தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"வேணாம்னா அது வேற மாதிரி கவுன்ட் ஆகும், அதான் கேக்குறேன்."

"ஏம்மா," என்றார். "இந்தா காலு. தொட்டுப் பாரு. இந்தா கண்ணு. இது ரெண்டையும் விட்டுட்டு எம்மூஞ்சியில என்னாத்தமா தேடுறீங்க? நான் நல்லா செரச்சிக்கிட்டா எனக்குக் காலு வந்துடுச்சுன்னு அர்த்தமா? அழுக்கா கெடந்தாத்தான் குடுப்பீங்களா? மனுஷனா உக்காந்திருந்தா குடுக்க மாட்டீங்களா?"

யாமினியின் முகம் வாடிவிட்டது. "எனக்குப் புரியுது அங்கிள். சாரி. ஆனா ஏதாச்சும் ஒண்ணத் தொட்டாத்தான் அடுத்த பேஜ் ஓப்பன் ஆகும்."

ரஞ்சிதத்துக்குப் பின்னால் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அழகர்சாமிக்குக் கேட்டது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். தன் மனைவி எங்கே நிற்கிறாள், ஏன் உட்காரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"முடியல," என்றார்.

"எவ்ளோ நாளா அங்கிள்?"

"இருபத்தி மூணு நாளா."

யாமினி தொட்டாள். பக்கம் திறந்தது. கடைசியில் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து டேப்லெட்டின் கண்ணாடியில் வைத்துக் கையெழுத்துப் போடவைத்தாள். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அதற்கு மேல் எழுதியிருப்பதை ஒழுங்காகப் படித்தும் காட்டினாள்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. உதவித்தொகை மறுபடி உண்டு. அடுத்த ரிவியூ பன்னிரண்டு மாதத்தில். ரஞ்சிதம் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனாள், பிறகு என்ன நினைத்தாளோ, மின்சாரக் கட்டண ரசீதுகளோடு சேர்த்துச் செருகிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அஜீஸ் வந்தான். வந்ததும் வராததுமாகச் சுடுதண்ணீர் பிடித்து, நாற்காலிக்கு வலது பக்கம் முக்காலியைப் போட்டு, பழைய வரிசைப்படியே கிண்ணம், பிரஷ், கத்தி, படிகாரக் கல் என்று வைத்தான். "ஆரம்பிங்கண்ணே. இந்தப் புதர வெட்டி எறிங்க, பாக்கச் சகிக்கல," என்றான். ரஞ்சிதம் வேலைக்குக் கிளம்பியவள் பையோடு கதவருகில் நின்றுவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுப் போக அவளுக்கும் ஆசை.

அழகர்சாமி நுரை போட்டார். ஏழு சுற்று, மூன்று சுற்று. கத்தியைத் திறந்து எட்டு இழுப்பு இழுத்தார். நகத்தில் பதம் பார்த்தார். பிறகு கத்தியைத் திருப்பி, பிடியை அஜீஸ் பக்கமாக நீட்டினார்.

அஜீஸ் வாங்கவில்லை. "என்னாண்ணே இது? எனக்கு வராதுண்ணே. நீங்களே எடுங்க. லெட்டர்தான் வந்துருச்சே."

"முடியாதுன்னு என் வாயால சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

"அது அவங்களுக்குச் சொன்னதுண்ணே. இங்க யாரு பாக்கப் போறா?"

"நான் பொய் சொல்லி வாங்குனதா இருக்கக் கூடாதுலா." குரலில் இருந்த சூட்டுக்கு அஜீஸ் ஓர் அடி பின்னால் போனான். "முடியாதுன்னா முடியாது. புடி."

அஜீஸின் கையைத் தேடிப் பிடித்து, கத்தியை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சரியான பிடிக்குக் கொண்டுவந்தார். "காதுகிட்டேருந்து கீழ வா. அழுத்தாத. தோல இழுத்துப் புடிச்சுக்க."

ரஞ்சிதம் பையைத் தரையில் வைத்தாள்.

அழகர்சாமி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டினார்.